பாதை தாண்டி வந்த அறிவித்தல்கள்

எங்களில் சிலர் வந்தாறுமூலையில், சிலர் ஒலுவிலில், ஒருத்தி பேராதனையில். எல்லோரும் கலைப்பீடம். போன விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது ஒரு வேலை செய்தோம். அவரவர் பீடத்து அறிவித்தல் பலகையைப் படம் எடுத்துக்கொண்டு வந்து, துறையடியில் இருந்து ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்தோம். பெரிய வித்தியாசம் இல்லை. மகாபொல விண்ணப்பத்தின் கடைசித் திகதி. நாடகப் பட்டறை, மாலை நாலு மணி. விவாத அணிக்கு ஆள் தெரிவு. முஸ்லிம் மஜ்லிஸ் மலருக்கு ஆக்கம் கேட்டு ஒரு தாள். தமிழ்ச் சங்கத்து விழாவுக்கு ஒத்திகை. சனிக்கிழமை ஆங்கில வகுப்பு. வெளிநாட்டில் ஒரு தவணை படித்துவிட்டு வரலாம் என்கிற ஒரு வர்ணத் தாள், அது மட்டும் ஆங்கிலத்தில்.

இதை வாசிக்கிற எல்லோரும் ஒரே மாதிரி வாசிப்பதில்லை. சிலர் தலைப்பைப் பார்க்கிறார்கள். நாங்கள் முதலில் பார்ப்பது நேரத்தை. நாலு மணிக்குத் தொடங்கினால் எத்தனைக்கு முடியும்? விடுதிக் கதவை எத்தனைக்கு அடைப்பார்கள்? சனிக்கிழமை வகுப்பென்றால் அந்தக் கிழமை உம்மாவைப் பார்க்கப் போக ஏலுமா? பேராதனையில் படிக்கிறவள் சொன்னாள், "முதலாம் வருடம் முழுக்க நான் ஒண்டுக்கும் பேர் குடுக்கல்ல. குடுக்கலாம் எண்டே தெரியா." அவள் பலகையைப் பார்க்காமல் இல்லை. அதில் எழுதியிருப்பது தனக்கில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

அந்தக் கதையில் இருந்துதான் இந்தக் கட்டுரை. இந்தத் தாள்கள் எல்லாம் முதலில் யாருக்காக ஒட்டப்பட்டன? எங்கள் பக்கத்துப் பிள்ளைகளிடம் எப்போது, எந்த வழியால் வந்து சேர்ந்தன?

வழி என்றதும் ஒன்றைச் சொல்லவேண்டும். எங்கள் பகுதியில் 'பாதை' என்றால் ரோட்டு மட்டும் இல்லை. மிதவைகளின் மேல் பலகை அடித்து, ஆளையும் சைக்கிளையும் ஏற்றி, ஆற்றையோ களப்பையோ கடத்துகிற தட்டுக்கும் பாதை என்றுதான் பெயர். கிழக்கு மாகாணத்தில் படித்து ஆளான தலைமுறைகள் பல, அப்படியொரு பாதையில் நின்றுதான் பள்ளிக்கூடம் போயிருக்கின்றன. கிண்ணியாவின் நிலப்படத்தை எடுத்துப் பார்த்தால் விளங்கும்: ஒரு பக்கம் கொட்டியாரக் குடா, ஒரு பக்கம் தம்பலகாமக் குடா, மகாவலி கடலில் விழுகிற இடமும் தூரமில்லை. எங்கே போவதென்றாலும் தண்ணீரைத் தாண்டவேண்டும்.

இலங்கையில் பல்கலைக்கழகம் என்ற ஒன்று 1942இல் வந்தது. அதற்கு முன் 1921இல் இருந்து கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி இருந்தது. படித்தவர்கள் லண்டன் பட்டம் எடுத்தார்கள். 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம், ஐவர் ஜெனிங்ஸ் முதல் துணைவேந்தர். 1952இல் பேராதனைக்குக் குடிபோனது. ஜெனிங்ஸுக்குப் பிடித்தது விடுதிப் பல்கலைக்கழகம். பிள்ளைகள் ஒரே வளாகத்தில் தங்கி, சாப்பிட்டு, விளையாடி, சங்கம் வைத்து, நாடகம் போட்டு, அதோடு படிக்கவும் வேண்டும். இன்றைக்கு எங்கள் பலகையில் இருக்கிற "மாலை நாலு மணி" அந்தக் காலத்துச் சரக்கு. நாலு மணிக்குப் பிறகும் பிள்ளை வளாகத்திலேயே இருக்கும், சோறும் கிடைக்கும், பயப்பட ஒன்றுமில்லை என்ற நினைப்பில் போடப்பட்ட நேரம் அது. படிப்பு ஆங்கிலத்தில். வந்தவர்களில் பெரும்பாலானோர் நகரத்துப் பெரிய கல்லூரிகளின் பிள்ளைகள்.

ஆனாலும் அந்த மாலை நேரத்தைச் சும்மா ஒதுக்கிவிட முடியாது. தமிழுக்கு அங்கே நடந்தது கொஞ்சமல்ல. முதல் தமிழ்ப் பேராசிரியராக 1943இல் வந்தவர் காரைதீவைச் சேர்ந்த விபுலானந்த அடிகள். திருகோணமலை இந்துக் கல்லூரிக்காகவும் உழைத்தவர். அவருடைய காலத்தில் தமிழ் படிக்கப் போன பாணந்துறைப் பிள்ளை ம.மு. உவைஸ், முஸ்லிம்கள் தமிழுக்குச் செய்த தொண்டையே ஆய்வுப் பொருளாக எடுத்தார். பின்னாளில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்துக்குப் பேராசிரியராகவும் போனார். தமிழ்ச் சங்கம் 'இளங்கதிர்' என்ற இதழைக் கொண்டுவந்தது. பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை மாணவர்களைக் கொண்டு பேச்சுத் தமிழில் நாடகம் போட்டார். அதில் நடித்த ஒரு மாணவர் கா. சிவத்தம்பி. அவர் கொழும்பு ஸாஹிராவில் படித்தவர் என்பது எங்களுக்கு ஒரு சின்னப் பெருமை.

கூத்துக் கதையைக் கொஞ்சம் ஆறுதலாகச் சொல்லவேண்டும். 1956இல் சரச்சந்திர 'மனமே' நாடகத்தைப் பேராதனை மாணவர்களோடு மேடையேற்றினார். சிங்களக் கிராமத்து நாடகத்தில் இருந்து எடுத்துச் செய்தது, நாடு முழுக்கப் பேசப்பட்டது. நம்மிடமும் கூத்து இருக்கிறதே என்று கேட்டவர் சு. வித்தியானந்தன். மட்டக்களப்பு ஊர்களில் இரவிரவாக ஆடுகிற வடமோடிக் கூத்தைச் சுருக்கி, மேடைக்கு ஏற்றபடி ஒழுங்குசெய்து, 1962இல் 'கர்ணன் போர்' போட்டார். பிறகு 'நொண்டி நாடகம்', 'இராவணேசன்', 'வாலிவதை'. ஆட்டம் பழக்க மட்டக்களப்பில் இருந்து அண்ணாவிமார் பேராதனைக்குப் போனார்கள். விரிவுரை மண்டபம் பார்த்திராத மனிதர்கள், பட்டப்படிப்புப் பிள்ளைகளுக்குக் கால் எடுத்துவைக்கக் கற்றுக்கொடுத்தார்கள். இராவணேசனாக ஆடியவர் சி. மௌனகுரு. மட்டக்களப்புப் பிள்ளை, வந்தாறுமூலை மத்திய கல்லூரியில் படித்தவர்.

மத்திய கல்லூரி என்பதைக் கவனியுங்கள். சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கராவின் இலவசக் கல்வி 1945இல் நடைமுறைக்கு வந்தது. அதற்குச் சற்று முன்பிருந்தே கிராமப்புறத்தில் மத்திய பாடசாலைகள் எழும்பத் தொடங்கிவிட்டன. அந்தப் பாடசாலை இல்லையென்றால் மௌனகுரு பேராதனைக்குப் போயிருப்பாரா, கூத்து மேடைக்கு வந்திருக்குமா என்று கேட்டுப் பார்த்தோம். விடை தெரியாத கேள்விதான். ஆனால் மாணவர் 'செயற்பாடு' என்று பலகையில் ஒட்டிய ஒரு தாள், தமிழ் அரங்கின் சரித்திரத்தையே மாற்றிய ஒரு சந்தர்ப்பம் உண்மையிலேயே நடந்திருக்கிறது. "நாடகப் பட்டறை, மாலை நாலு மணி" என்று வாசிக்கும்போது இனி நாங்கள் கொஞ்சம் நின்று வாசிப்போம்.

முஸ்லிம் பிள்ளைகளின் கதை இதற்குப் பக்கத்திலேயே, ஆனால் வேறு வேகத்தில் போனது. ஏ.எம்.ஏ. அஸீஸ் சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிம். 1942இல், யுத்தகாலத்தில், கல்முனைக்கு உதவி அரசாங்க அதிபராக வந்தார். உணவு உற்பத்தியைப் பார்க்க வந்த மனுசன், கிழக்குப் பிள்ளைகளின் படிப்பு இருந்த நிலையையும் பார்த்தார். கல்முனையில் ஒரு கல்விச் சங்கம் தொடங்கினார். 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதி வந்தது. காசில்லாத பிள்ளைக்கு மேற்படிப்புக்கு உதவுவது அதன் வேலை. 1948இல் சிவில் சேவையை விட்டுவிட்டு ஸாஹிராவுக்கு அதிபராகவே போய்விட்டார். மகாபொல வந்தது 1981இல். அதற்கு முப்பத்தைந்து வருடத்துக்கு முன்னாலேயே, படிப்பு இலவசமானாலும் படிக்கிற பிள்ளைக்குப் பஸ் காசு, சாப்பாடு, உடுப்பு வேண்டும் என்று ஒருவர் விளங்கியிருக்கிறார்.

1960இல் கலைப்பீடத்தில் சிங்களத்திலும் தமிழிலும் படிக்கிற வழி திறந்தது. இது பெரிய திறப்பு. ஆங்கிலம் தெரியாத கிராமத்துப் பிள்ளை உள்ளே வரலாம். தொகை மளமளவென்று கூடியது. ஆனால் வேலை கூடவில்லை. 1971இல் தெற்கில் கிளர்ச்சி செய்த இளைஞர்களில் சுயபாஷையில் படித்து வேலையில்லாமல் இருந்தவர்கள் நிறையப் பேர். "ஆர்ட்ஸ் படிச்சு என்ன செய்யப்போறாய்?" என்று இன்றைக்கும் கலியாண வீட்டில் எங்களைக் கேட்கிற கேள்விக்கு அவ்வளவு வயது.

அடுத்தது தரப்படுத்தல். இதைப் பற்றி எழுதும்போது எங்களுக்குள்ளேயே சண்டை வந்தது. 1970க்குப் பிறகு மருத்துவத்துக்குத் தமிழ்மொழி மூலம் எழுதிய பிள்ளைக்கு 250 புள்ளி வேண்டும், சிங்களமொழி மூலம் எழுதிய பிள்ளைக்கு 229 போதும் என்று வந்தது. அது அநியாயம், அதில் எங்களுக்குள் இரண்டு கருத்து இல்லை. அந்தக் காயத்தில் இருந்து என்னவெல்லாம் புறப்பட்டது என்று எல்லோருக்கும் தெரியும். பிறகு மாவட்டக் கோட்டா வந்தது. யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கு அது கதவை அடித்துச் சாத்தியது. திருகோணமலை, மட்டக்களப்பு, மன்னார், அம்பாறைப் பிள்ளைகளுக்கு அதே கோட்டாதான் கதவைத் திறந்தது. அப்போது கல்வி அமைச்சர் பதியுதீன் மஹ்மூத். முஸ்லிம்களுக்கு நிறையப் பாடசாலைகளும் ஆசிரியர் நியமனங்களும் வந்தது அவருடைய காலத்தில். இந்த இரண்டையும் ஒரே வசனத்தில் எழுத யாரும் விரும்புவதில்லை. நாங்கள் எழுதுகிறோம். ஒரு வீட்டில் அழுகையாக இருந்தது அடுத்த வீட்டில் பிள்ளையின் பெயர் பட்டியலில் வந்த நாளாக இருந்தது. அழுத வீட்டின் அழுகை பொய்யில்லை. பெயர் வந்த வீட்டின் சந்தோசமும் களவு எடுத்ததில்லை.

இன்றைக்குப் பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் தகுதி, 55 வீதம் மாவட்டச் சனத்தொகை, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. திருகோணமலை அந்தப் பதினாறில் ஒன்று. யாழ்ப்பாணமும் அதில் இருக்கிறது. அரை நூற்றாண்டில் யுத்தம் செய்த கணக்கு அது.

பல்கலைக்கழகம் எங்களைத் தேடிக் கிழக்குக்கு வந்தது 1981இல். மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி என்று வந்தாறுமூலையில், மௌனகுரு படித்த அந்த மத்திய கல்லூரி வளவிலேயே தொடங்கினார்கள். 1986 ஒக்டோபரில் அது கிழக்குப் பல்கலைக்கழகம். தூரப் பிரதேசத்துக்குப் பல்கலைக்கழகத்தைக் கொண்டுபோனால் அந்த மண்ணின் பிள்ளைகள் அங்கேயே படித்து அங்கேயே வேலை செய்வார்கள் என்பது அந்தக் காலத்தில் பல நாடுகளில் ஓடிய யோசனை. நோர்வேயில் வடதுருவத்துக்குக் கிட்ட இருக்கிற த்ரொம்சோவில் 1972இல் பல்கலைக்கழகம் திறந்தபோது, வடக்குக்கு வர மறுத்த டொக்டர்மாரை வடக்கிலேயே உருவாக்குவோம் என்றுதான் சொன்னார்கள். அங்கே அது பலித்தது. இங்கே நாலு வருடம் கழிய 1990 வந்தது.

1990 ஓகஸ்ட்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். அடுத்த கிழமை ஏறாவூர். செப்டெம்பர் 5ஆம் திகதி, வந்தாறுமூலை வளாகத்துக்குள் அகதிகளாகத் தங்கியிருந்த தமிழர்களில் 158 பேரை இராணுவம் பிடித்துக்கொண்டு போனது. அவர்கள் திரும்பி வரவேயில்லை. விரிவுரை மண்டபங்களில் பாய் விரித்துப் படுத்திருந்த மக்கள் அவர்கள். வந்தாறுமூலையில் படிக்கிற எங்கள் தோழன் சொல்கிறான், அந்த வளவில் பெரிய மரங்களின் கீழ் இருந்து அசைன்மன்ட் எழுதும்போது இந்த எண் ஞாபகத்துக்கு வரும் என்று. வேறொன்றும் சொல்லவில்லை.

அந்த வருடங்களுக்குப் பிறகு முஸ்லிம் பிள்ளைகள் வந்தாறுமூலைக்குப் போய்ப் படிக்க முடியாத நிலை. அதில் இருந்து பிறந்தது ஒலுவில். எம்.எச்.எம். அஷ்ரபின் முயற்சியில் 1995 ஒக்டோபர் 23இல் அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலைக் கட்டடத்தில் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது, ஒரு பஸ்ஸில் அடங்கக்கூடிய மாணவர்களோடு. 1996 மே மாதம் முழுப் பல்கலைக்கழகம். ஒலுவிலில் படிக்கிற எங்களுக்கு அது வாய்ப்பு. ஆனால் அந்த வாய்ப்பின் அத்திவாரத்தில் பயம் இருக்கிறது என்பதை மறைத்து எழுதினால் அது சரித்திரம் ஆகாது. ஒரே மொழி பேசுகிற பிள்ளைகள் எழுபது எண்பது கிலோமீற்றர் இடைவெளியில் இரண்டு தமிழ்ச் சங்கம் வைத்து, ஒருவர் விழாவுக்கு மற்றவர் போகாமலே பட்டம் முடித்துவிடுகிறோம். எங்கள் மூன்று பலகைகளையும் ஒப்பிட்டபோது உறைத்தது இதுதான். எல்லாத் தாளும் ஒன்று, ஆனால் ஒன்றிலும் மற்ற வளாகத்தின் பெயர் இல்லை.

திருகோணமலைக்குச் சொந்தமாக ஒரு வளாகம் வந்தது இன்னும் பிந்தி. 2001இல் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம். இப்போது நிலாவெளி ரோட்டில் கோணேசபுரியில் இருக்கிறது. சித்த மருத்துவம்கூடப் படிக்கலாம். ஆனால் கிண்ணியாவில் இருந்து அங்கே போவதென்றால் அப்போதெல்லாம் முதலில் துறை. பாதை வரும்வரை காத்து நிற்கவேண்டும். காற்று மழை என்றால் நிற்கத்தான் வேணும். ஊரில் மூத்தவர்கள் நேர்முகப் பரீட்சைக்கு முதல் நாளே போய்த் திருகோணமலையில் சொந்தக்காரர் வீட்டில் தங்கிய கதைகளைச் சொல்வார்கள். 2004 கடல்கோள் கிண்ணியாவின் வைத்தியசாலையையே கொண்டுபோனது. 2006இல் மூதூர்ச் சனம் இடம்பெயர்ந்து வந்தது. இவற்றுக்கிடையில் ஏ.எல். எழுதிய பிள்ளைகளின் பெறுபேற்றை எந்த இஸட் புள்ளியில் கணக்கு வைப்பது?

2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறந்தது. 396 மீற்றர், அப்போது நாட்டிலேயே நீளமான பாலம் என்றார்கள். பாலம் வந்ததும் திருகோணமலை பக்கத்து ஊராகிவிட்டது. காலையில் போய் ரியூசன் முடித்துப் பின்னேரம் திரும்பலாம். பெண்பிள்ளைகளின் படிப்பில் அது செய்த வேலையை யாராவது எழுதவேண்டும். இன்றைக்கு நாட்டின் பல்கலைக்கழக மாணவரில் பத்துக்கு ஆறுக்கு மேல் பெண்கள், கலைப்பீடத்தில் அதையும் விடக் கூட. வாப்பாமார் மனம் மாறியதால் மட்டும் இது நடந்தது என்று நாங்கள் நினைக்கவில்லை. ரோட்டும் மாறியது. இருட்ட முதல் வீட்டுக்கு வரலாம் என்றான பிறகு "வேணாம்" என்ற சொல் கொஞ்சம் மெதுவாக வரத் தொடங்கியது.

ஆனால் குறிஞ்சாக்கேணிக்கும் கிண்ணியா நகரத்துக்கும் இடையில் இன்னொரு தண்ணீர் இருக்கிறது. பழைய பாலத்தின் இடத்தில் புதிய பாலம் கட்ட வேலை தொடங்கியபோது, சுற்றிப்போக நேரமில்லாத சனத்துக்கு மறுபடி பாதைதான். 2021 நவம்பர் 23, செவ்வாய்க்கிழமை. கோவிட்டால் மூடியிருந்த பாடசாலைகள் படிப்படியாகத் திறந்துகொண்டிருந்த மாதம் அது. காலையில் பள்ளிக்கூடத்துக்குப் போன பிள்ளைகளோடு பாதை கவிழ்ந்தது. அன்றைக்கே ஆறு பேர் போய்விட்டார்கள். அவர்களில் நாலு பேர் மாணவர்கள். எண்ணிக்கை அதோடும் நிற்கவில்லை. எங்களில் சிலர் அன்று ஏ.எல். வகுப்பில் இருந்தோம். செய்தி வந்தபோது ஆசிரியர் சோக்கட்டியைக் கீழே வைத்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது. விபத்துக்குப் பிறகும் பாலவேலை வருடக்கணக்கில் இழுபட்டது.

அந்தப் பிள்ளைகளின் பெயர்களை இங்கே எழுதவில்லை. அது அவர்களுடைய வீட்டாருக்குச் சொந்தம். ஆனால் வாய்ப்புகளின் வரலாறு என்று தேடிப்போனபோது, 1942, 1945, 1981, 1995 என்று நாங்கள் வரிசையாக எழுதிக்கொண்டு வந்த வருடங்களுக்குப் பக்கத்தில் 2021ஐயும் எழுதவேண்டும் என்று ஒருத்தி சொன்னாள். "அது பல்கலைக்கழகத்துட வருசம் இல்லையே" என்று ஒருவன் கேட்டான். "அவங்களும் அங்கதானே வரணும்?" என்றாள். எழுதினோம்.

மகாபொல விண்ணப்பத் தாளில் ஒரு கட்டம் இருக்கவேண்டும் என்று பகிடியாகப் பேசிக்கொள்வோம்: 'பாடசாலைக்குப் போக எத்தனை முறை தண்ணீரைத் தாண்டினீர்?' பகிடிதான். ஆனால் குடும்ப வருமானம் கேட்கிற தாளுக்கு அதைக் கேட்பதும் நியாயம்தான்.

சரி, இனி நடக்கப்போகிறது. ஊரில் ஏ.எல். முடித்துவிட்டு இருக்கிற பிள்ளைகளோடு யூ.ஜி.சி. கைந்நூலை இருந்து வாசிக்கப்போகிறோம். எந்தக் கற்கைநெறி எந்த வளாகத்தில், விருப்ப ஒழுங்கை எப்படி எழுதுவது, மகாபொலவுக்கு என்ன கடிதம் வேண்டும், முதலாம் வருடத்தில் எதற்கெல்லாம் பெயர் கொடுக்கலாம். மூன்று வளாகத்துப் பலகைகளின் படங்களையும் அச்சடித்துச் சுவரில் ஒட்டுவோம். வரும் வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து சாப்பிட்டுவிட்டு வாருங்கள். அடையாள அட்டைப் பிரதி ஒன்று, பென்சில் ஒன்று. நாலு மணிக்கென்று முதலில் போட்டிருந்தோம், இரண்டரை என்று மாற்றியிருக்கிறோம். அந்தப் பக்கத்துப் பெண்பிள்ளைகள் வெளிச்சத்தோடு வீடு போய்ச் சேரவேண்டும்.